ஒலிநாடாவும் ஓர் அமானிதமே

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் எனக் காவிரிப் படுகையின் முஸ்லிம் ஊர்களில், பல வீட்டு அலமாரிகளில் ஒலிநாடாக்கள் இன்றும் உறங்குகின்றன. நாகூர் இ. எம். ஹனிபாவின் பாடல்களும் மீலாது விழாச் சொற்பொழிவுகளும் அவற்றுள் மிகுதி. அவற்றினூடே மேலுறையில் பெயரெழுதாத சில நாடாக்களும் இருக்கும். 1970களிலும் 1980களிலும் வளைகுடா சென்றவர்கள் மனைவியர்க்கும் தாய்மார்க்கும் பேசி அனுப்பிய கடிதங்கள் அவை. எழுத்தறியாத தாய்க்குக் கடிதம் படித்துச் சொல்ல மூன்றாமவர் ஒருவர் வேண்டும். நாடாவுக்கு அவர் வேண்டியதில்லை. அதன் அருமையே அதுதான்.

இன்று பிள்ளைகள் அவற்றைக் கணினி வழியே குறுந்தகட்டில் ஏற்ற முனைகின்றனர். நம் மண்ணின் ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும். ஆகவே முயற்சி நல்லதே. ஆனால், தொண்ணூறு நிமிட நாடாவைப் பெயர்க்கத் தொண்ணூறு நிமிடமும் அதை ஓடவிட வேண்டும். ஒலியளவைச் சீராக்கவும் பக்கம் மாற்றவும் ஒருவர் அருகிருந்து கேட்டாக வேண்டும். வேண்டாமென்று விலக்கிய அந்த மூன்றாமவர் இப்போது மகனாகவோ, கடைக்காரராகவோ வந்து அமர்கிறார்.

ஒருவர் பேசிவிட்டுச் சுற்றும் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சு அமானிதம் என்பது நபிமொழியின் கருத்து. நாடாவில் திரும்பிப் பார்ப்பது தெரியாது. குரல் தாழ்வது தெரியும். கடன், தங்கையின் திருமணம், தமையன்மீது மனத்தாங்கல் ஆகியவற்றைத் தாழ்ந்த குரலில் மனைவியிடம் சொன்னவர் மறைந்துவிட்டார். அதனைப் பத்துத் தகடுகளாக்கி உறவினர்க்கு வழங்குவது பாதுகாப்பதாகுமா?

எல்லாவற்றையும் அழித்துவிடுக என்பாருமுண்டு. நாம் அதற்கு உடன்படோம். யாருக்காகப் பேசப்பட்டதோ அவர் உயிரோடிருந்தால் உரிமை அவருடையது. கம்பியை இணைக்கும் முன்பே அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், குரல் அழிந்துபோவதாயினும் விட்டுவிட வேண்டியதுதான். இருவருமே இல்லாதபோது ஒரே ஒரு படி எடுத்து வீட்டில் வைக்கலாம், ஊருக்கு வழங்கலாகாது. கடுமையான தீர்ப்பென்று சிலர் முகம் சுளிக்கலாம்.

இரைச்சலை நீக்குவது இன்னொரு சிக்கல். பேச்சற்ற ஓரிடத்து இரைச்சலை மாதிரியாகக் கொண்டு கணினி நாடா முழுவதிலும் அதைக் கழிக்கிறது. கூடவே மூச்சொலியையும் சிறிது கழித்துவிடுகிறது. பாடலுக்கு அது பொருந்தலாம். கடிதத்திலோ, பின்னணியில் இரையும் குளிர்சாதனமும் அறைத்தோழரின் இருமலும் அவர் வாழ்ந்த வாழ்வின் செய்திகளல்லவா? கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்தபோது 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளின் பாடவேறுபாடுகளை மறைக்காமல் காட்டியவர். அவ்வழியில், தூய்மையாக்கிய படியோடு தொடாத படியையும் வைத்திருத்தல் முறை. எண்பது நிமிடத் தகட்டில் தொண்ணூறு நிமிடம் அடங்காதென்று பத்து நிமிடப் பேச்சை வெட்டுவாருமுளர். பக்கத்திற்கொரு தகடு செலவழித்தால் என்ன, தகடு பொன் விலையா?

வீட்டில் பதிந்த தகடும் நிலையானதன்று. அதன் சாயம் மங்கும். தகடு போடும் வாயே இல்லாத கணினிகள் இப்போது பெருகிவிட்டன. ஆகவே பேரர்கள் மீண்டும் ஒருமுறை பெயர்த்தாக வேண்டும். பேசியவர் யார், யாருக்குப் பேசினார், எந்த ஆண்டு என்னும் மூன்றையும் அவர்களுக்காக உறையின்மேல் இன்றே எழுதி வைக்கலாம். குரலை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்.