மூன்றாமவர் மேசை

பாரிசின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் ஃபோ என்னும் வியட்நாம் நூடுல்ஸ் சூப் சாப்பிடத் தனியாகப் போவது நல்லது. இருவராகப் போனால் பேச்சு வரும், பேச்சு வளர்ந்தால் அரிசி நூடுல்ஸ் ஊறிப்போகும். கிண்ணம் மேசைக்கு வந்தபின் அதன் நல்ல நேரம் கொஞ்சம்தான். மேலே பச்சையாகப் பரப்பிய மாட்டிறைச்சி, கொதிக்கும் சாறு பட்டுச் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாவதற்குள் முதல் வாய் உள்ளே போயிருக்க வேண்டும். மாடு வேண்டாதவர்களுக்குக் கோழி ஃபோ உண்டு. அதில் இந்த அவசரம் இல்லை. அதனாலேயே சுவாரசியமும் ஒரு படி குறைவு.

*

ஷுவாசி அவென்யூ, இவ்ரி அவென்யூ, மசேனா புல்வார். இந்த மூன்று சாலைகளுக்கு நடுவில்தான் பெரும்பாலான கடைகள். தலைக்கு மேலே ஒலிம்பியாட் குடியிருப்பின் கோபுரங்கள். சப்போரோ, ஏதென்ஸ், ஹெல்சிங்கி, மெக்சிகோ என்று ஒலிம்பிக் நடந்த ஊர்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். 1970களில் வசதியுள்ள பிரெஞ்சுக் குடும்பங்களை நம்பிக் கட்டியவை. அந்தக் குடும்பங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, வீடுகள் காலியாகக் கிடந்தன. 1975இல் கம்போடியாவின் புனோம்பென், தென்வியட்நாமின் சைகோன், லாவோசின் வியந்தியான் மூன்றும் ஒரே ஆண்டில் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறின. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் இந்தக் காலி வீடுகளில் குடியேறினார்கள். பிறகு கீழ்த்தளங்களில் கடை போட்டார்கள். வண்டிகள் போகும் நிலத்தடிப் பாதை ஒன்றின் ஓரத்தில் ஒரு புத்தர் கோயில்கூட இருக்கிறது. கார் நிறுத்தப் போகிறவர்கள் ஊதுபத்தி மணத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

வந்தவர்களில் பலர் அந்த நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சீனர்கள், பெரும்பாலும் தியோச்சியூ பேச்சுக்காரர்கள். ஆகவே வியட்நாம் சாப்பாடு சமைப்பவர் கம்போடியாவில் பிறந்தவராக இருக்கலாம், வீட்டில் சீனமும் பேரப்பிள்ளையிடம் பிரெஞ்சும் பேசலாம். இவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு பெயரில் சொல்லிவிட முடியாது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

*

ஏன் ஆறுதல்?

சமைப்பவருக்கும் இது சொந்த ஊர் இல்லை, சாப்பிடும் எனக்கும் இல்லை. பிரெஞ்சு உணவகத்தில் நான் விருந்தாளி, நடத்தையில் கவனம் வேண்டும். பாரிசின் லா சப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடையில் நான் சொந்தக்காரன், நலம் விசாரிக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. எண் சொன்னால் கிண்ணம் வருகிறது. யாரும் சிரிப்பதில்லை, யாரும் முகம் சுளிப்பதும் இல்லை. சில பத்திரிகை விமரிசகர்கள் இதை உபசரிப்புக் குறைவு என்று எழுதுவார்கள். எனக்கு இதுதான் நல்ல உபசரிப்பாகப் படுகிறது.

இன்னொன்று, இந்தச் சாப்பாட்டில் எனக்குப் பால்யம் இல்லை. தமிழில் உணவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் பாட்டி வந்துவிடுவார். அவர் வந்ததும் நாக்கு வேலையை நிறுத்திவிடும், நெஞ்சு சாப்பிடத் தொடங்கிவிடும். இந்தக் கிண்ணத்தின் முன் அவர் வரமாட்டார். உப்பு உப்பாகவும் புளிப்பு புளிப்பாகவும் இருக்கின்றன, வேறு எதையும் குறிப்பதில்லை.

*

மூக்கு மட்டும் அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. சாற்றில் முகத்தைக் காட்டினால் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு. ஏறக்குறைய நம் பிரியாணிக்காரரின் சரக்குச் சீட்டு. ஆனால் வேலை வேறு. நாம் வறுத்து, இடித்து, எண்ணெயில் வதக்கி, கடைசியில் மசாலாவையே சாப்பிட்டுவிடுகிறோம். இவர்கள் மாட்டெலும்பை ஒரு கொதி கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் சிறு தீயில் மணிக்கணக்காக வைக்கிறார்கள். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். நெருப்பில் வாட்டிக் கருக்கிய வெங்காயமும் இஞ்சியும் விழுகின்றன. மசாலாவைத் துணியில் முடிந்து இறக்கி, வாசம் இறங்கியதும் முடிச்சை எடுத்துவிடுகிறார்கள். பிறகு மீன்சாறு, நுவோக் மாம். அது தனியாக மூக்கைத் துளைக்கும், கலந்தபின் எங்கே போயிற்று என்று தேடவேண்டும்.

தெளிந்து நிற்கும் நீருக்குள் இவ்வளவு உழைப்பு. கிண்ணத்தில் எலும்பும் இல்லை, பட்டையும் இல்லை. முதல் கரண்டியை எதுவும் பிழியாமல், எதுவும் சேர்க்காமல் குடிக்கவேண்டும். சமைத்தவருக்கு நாம் தரும் மரியாதை அது.

*

பக்கத்துத் தட்டில் தழைகள். துளசிக்கு உறவான ஊதாத் தண்டுள்ள இலை, ரம்பம்போல ஓரமுள்ள நீளமான கொத்தமல்லி வகை, முளைகட்டிய பாசிப்பயறு, எலுமிச்சைத் துண்டு, வட்டமாக அரிந்த மிளகாய். எவ்வளவு கிள்ளுவது என்பது அவரவர் பொறுப்பு. ஒரே அண்டாவிலிருந்து வந்த சாறு இரண்டு கிண்ணங்களில் ஒன்றாக இருக்காது.

இந்தத் தட்டு தெற்கத்திய வழக்கம். ஃபோ பிறந்தது வடக்கே, ஹனோய், நாம்தின் பக்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏர் உழும் மாட்டை அதிகம் உண்ணாத ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள், எலும்பு மிஞ்சியது. பிரெஞ்சுச் சமையலறையா சீனச் சமையலாளா இதற்குத் தந்தை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள், ஃபோவும் கூடவே போய்ப் பரவியது. சைகோனில் இனிப்பும் தழையும் சேர்ந்தன. பாரிசில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சைகோன் ஜாடை.

*

காப்பி சொன்னேன். கண்ணாடி டம்ளரின் அடியில் விரல் தடிமனுக்குச் சுண்டிய டப்பாப் பால், மேலே தகர ஃபில்டர். நம் வீட்டில் ஃபில்டர் அடுக்களைக்குள் யாரும் பாராமல் தன் வேலையைச் செய்யும், டிகாக்‌ஷன் மட்டும் வெளியே வரும். இவர்கள் ஃபில்டரையே மேசையில் வைத்துவிடுகிறார்கள். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

அப்போதுதான் அடுத்த மேசை முதியவர் பிரெஞ்சில் கேட்டார்: "இந்தியாவா?"

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினார். தம் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டார்.

*

அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருந்திருக்கும்? அவர் சைகோன்காரர் என்றால் இந்தியர் என்றதும் அவருக்குத் தோன்றுவது பெரும்பாலும் தமிழர்தான்.

புதுச்சேரியும் சைகோனும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. 1881ஆம் ஆண்டு ஆணை ஒன்று வந்தது. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம். அப்படி ஏற்றவர்களில் பலர் அரசு வேலை தேடிச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். குமாஸ்தா, போலீஸ், சிறைக்காவலர், சந்தையில் வரி தண்டுபவர். அவர்களைத் தவிர துணிக்கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள், பசு வைத்துப் பால் விற்றவர்கள், குதிரைவண்டி ஓட்டியவர்கள். செட்டிநாட்டிலிருந்து போனவர்கள் மேகோங் கழிமுகத்து விவசாயிகளுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். 1930களில் நெல் விலை சரிந்தபோது அடகு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன, அவர்கள் மேல் கசப்பும் வந்தது.

எனக்கு இந்தச் சாப்பாட்டில் நினைவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அவர்களுக்கு என்னைப் பற்றிய நினைவு இருக்கக்கூடும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த முதியவரின் தகப்பனார் சந்தையில் கூடையை இறக்கியபோது காசு கேட்டு நின்றவர் என் ஊர்ப்பக்கத்து ஆளாக இருந்திருக்கலாம். விடியற்காலையில் பால் ஊற்றியவராகவும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று கேட்க எனக்குத் துணிவில்லை, அவருக்குச் சொல்லும் ஆசையும் தெரியவில்லை. இருவர் ஊருக்கும் எஜமானனாக இருந்த பிரான்சின் தலைநகரில் இப்போது இருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். இதை நீதி என்று சொல்ல மாட்டேன். வேடிக்கை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வடவியட்நாமியர் தெற்கே போன அதே 1954இல், நவம்பர் 1 அன்று, புதுச்சேரி நிர்வாகம் பிரான்சின் கையைவிட்டுப் போனது. இந்தோசீனாவில் வேலை பார்த்தவர்கள் சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் வியட்நாமிய மனைவியோடு. சைகோனில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, பென்தான் சந்தைக்குப் பக்கத்தில், துருவோங் தின் தெருவில். கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர். கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். வரி தண்டியவர்களையும் வட்டி வாங்கியவர்களையும் அனுப்பிவிட்டார்கள், அம்மனை வைத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு என்றுதான் எனக்குப் படுகிறது.

*

காப்பி சொட்டி முடிந்தது. கலக்காமல் குடித்தால் கசப்பு முதலில், இனிப்பு பிறகு. நான் கலக்கிவிடுவேன்.

பக்கத்து மேசைக்கு நெம் வந்தது, அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்தது. புதுச்சேரியின் சில வீடுகளில் இதையே சாயோ என்று செய்வார்கள், சைகோனிலிருந்து வந்த பெண்கள் கற்றுக்கொடுத்தது. வயிறு நிறைந்திருந்தும் நானும் ஒரு தட்டு சொன்னேன். லெட்டியூஸ் இலையை விரித்து, புதினாவைக் கிள்ளி வைத்து, அதன் நடுவில் நெம்மை வைத்துச் சுருட்டி, இனிப்பும் புளிப்புமான மீன்சாற்றில் தோய்க்கவேண்டும். குச்சியால் இந்த வேலை நடக்காது. நான் ஃபோ உண்ட மேசையில் கையால் சாப்பிட இடமுள்ள பண்டம் இது ஒன்றுதான்.