முன்னால் நிற்க ஒருவர்

மந்திரவாதி இரும்புச் சட்டை போடக் கூடாது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மூன்றாம் பதிப்பு, 2000ஆம் ஆண்டில், இதைக் கணக்காகவே எழுதி வைத்தது. தோல் கவசம் அணிந்தால் மந்திரம் பிசக 10 சதவீத வாய்ப்பு. சங்கிலிக் கவசத்துக்கு 30. உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசத்துக்கு 35. ஆளுயரக் கேடயத்துக்கு 50. கடைசி இரண்டையும் சேர்த்து அணிந்தால் 85. மந்திரத்துக்கு வாய் மட்டும் போதாது, கை முத்திரையும் வேண்டும். இரும்புக்குள் விரல் மடங்காது என்பது அந்த விதியின் நியாயம்.

என் தங்கச்சியின் மகன் கணினியில் இந்த வகை விளையாட்டுகளில் மூழ்கிக் கிடப்பவன். பிசகைக் குறைக்க என்ன வழி என்று கேட்டேன். “உடுப்பைக் கழட்ட வேணும் மாமா. இல்லாட்டி நிறை குறைஞ்ச உலோகத்தில செய்தது வாங்க வேணும். இல்லாட்டி கை அசைக்காமலே மந்திரம் போடப் பழக வேணும்” என்றான். மூன்றும் சரியான பதில்கள். ஆனால் இரண்டாவதற்குப் பணம் வேண்டும், மூன்றாவதற்குக் காலம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவனிடம் இரண்டும் இருக்காது. அவனுக்கு மிஞ்சுவது முதல் வழிதான்.

வாழ்க்கைக்கும் இதையே உபதேசமாகச் சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். பயத்தைக் கழற்றி எறி, பாதுகாப்பை விட்டு வெளியே வா, அப்போதுதான் கை ஓடும் என்பார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இங்கே கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் கோட்டை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் மலைமேலிருந்த கோயிலை இடித்துவிட்டுக் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறி, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. சாமி கும்பிடவும் ஒரு கவசத்துக்கு ஊடாக நடக்கிற ஊர் எங்களுடையது.

மனிதர்களும் அப்படித்தான். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். போர் 2009இல் முடிந்த பிறகும் அந்தப் பை இடம் மாறாத வீடுகள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், அலைச் சத்தம் சற்று மாறினாலும் எழுந்து வாசலுக்கு வருவார்கள். முன்பின் தெரியாதவரிடம் அளந்துதான் பேசுவார்கள். இவை எல்லாம் கைகளைக் கட்டுகின்றன என்பது உண்மை. இவற்றால்தான் உயிர் தப்பினோம் என்பதும் உண்மை. கழற்று என்று சொல்லுகிறவர் இந்த இரண்டாவது உண்மைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ என்ற விளையாட்டு இதே சிக்கலை வேறு வழியில் பார்க்கிறது. அங்கே மந்திரம் பலிப்பதற்குக் கவசம் தடையில்லை. திறமை, மனவுறுதி, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாவற்றையும் கூட்டி, மந்திரத்தின் கடினத்தைக் கழித்து, வருகிற தொகையைக் களைப்பால் பெருக்குவார்கள். முற்றிலும் களைத்தவனுக்கு 0.75, நன்றாக ஓய்வெடுத்தவனுக்கு 1.25. தொகை 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள், ஒரே மந்திரம். ஓடி இளைத்து நின்றபடி சொன்னால் 45 சதவீதம் பலிக்கும், இளைப்பாறிவிட்டுச் சொன்னால் 75. சோர்ந்த நேரத்தில் தோற்றதை வைத்துத் தன்னைத் திறமையற்றவன் என்று தீர்மானிக்கிற எவரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஆனால் இளைப்பாறுவதற்கும், அந்த நேரத்தில் வேறொருவர் விழித்திருக்க வேண்டும்.

பலிக்காத மந்திரத்தைப் பற்றி எங்கள் கடலில் ஒரு பழைய கதை உண்டு. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த காலங்களில், சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்று அவரை அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இத்தகையவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. கட்டு அன்றைய பகலுக்கு மட்டும். இரவில் கள்ளத்தனமாக எவரும் மூழ்கிவிடக் கூடாது என்று மாலையில் அவிழ்த்துவிடுவார்களாம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த வேலை ஒழியவில்லை. கடல்கட்டி வராமல் குளிகாரர் கடலில் இறங்க மாட்டார்கள். ஆகவே அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட், 1859இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். அவர் போன சமயம் கடல்கட்டிக்கு நோய். தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிக்காமல் சொன்னாராம்: மந்திர இரகசியம் தமக்குத் தெரியாது, ஆனால் பெரியவரின் ஆளாகத் தாம் அங்கே இருப்பதையே சுறாக்கள் மதித்து விலகிவிடும் என்று.

டெனண்ட் இதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். எனக்கோ அந்தப் பதிலாளி மந்திரத்தின் சூட்சுமத்தையே போட்டு உடைத்துவிட்டதாகப் படுகிறது. குளிகாரருக்குக் கவசம் கிடையாது. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, ஒரு நிமிடமளவு மூச்சை அடக்கி, வெறும் உடம்போடு இறங்குகிறவர். பயந்தால் மூச்சு சீக்கிரம் தீரும், கை தடுமாறும். மேலே தமக்காக ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் நாலைந்து சிப்பி. சுறாவுக்கு அந்த மந்திரம் கேட்டதோ இல்லையோ, குளிகாரருக்குக் கேட்டது.

முன்னால் நிற்க ஆளில்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சாட்சி. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் தாக்க வருகின்றன என்று அறிந்ததும், துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வெளியே அனுப்பினார்கள். அதில் அப்போது ஒரு விமானமும் இல்லை. 9ஆம் திகதி துறைமுகம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸை ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்து மூழ்கடித்தன. காக்க வேண்டிய விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே போகச் சொன்னதில் தவறில்லை. வெளியே போகிறவருக்கு மேலே ஆகாயத்தில் யார் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் போயிற்று.

விளையாட்டின் விதிநூலைத் திரும்ப யோசித்தால் இதுவே தெரிகிறது. மந்திரவாதி கவசமில்லாமல் நிற்க முடிவது அவனுடைய துணிச்சலால் மட்டும் அன்று. அவன் தனியே போவதில்லை, குழுவாகப் போகிறார்கள். முன்னால் இரும்பணிந்த வீரன் ஒருவன் வெட்டுகளை வாங்கிக்கொள்வதால்தான் பின்னால் இவனுடைய விரல்கள் சுதந்திரமாக அசைகின்றன. பிசகும் சதவீதம் இவன் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்தாலும் அதைக் குறைத்தவன் வேறொருவன்.

என் மருமகன் இப்போது சம்பளம் ஒழுங்காக வருகிற ஒரு வேலையை விட்டுவிட்டு, படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்று போடவேண்டும் என்கிறான். கை நல்ல கை. அதில் எவருக்கும் சந்தேகமில்லை. தங்கச்சி ஒரே கேள்வியில் நிற்கிறாள்: “பிழைச்சுப் போனா ஆர் பாக்கிறது?” இதைப் பயந்த தாயின் பேச்சு என்று தள்ளிவிடுவது வழக்கம். இந்தக் கேள்விக்குத் தைரியத்தைப் பற்றிய பிரசங்கம் பதிலாகாது. ஆர் என்று கேட்டால் ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

வங்கிக் கடனுக்குப் பிணையாளி வேண்டும். நான் கையெழுத்து வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். எவ்வளவு தொகை வரைக்கும் என்னால் முடியும் என்பதையும் அவனிடம் சேர்த்தே சொல்லிவிட்டேன். கட்டு எந்த நேரம் வரைக்கும் என்று தெரிந்தால்தான் இறங்குகிறவன் தன் மூச்சைக் கணக்குப் பண்ணுவான். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிணையாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று வங்கியும் கேட்பதில்லை.