துணைக்கு வந்த பிள்ளை

‘ஹைடி’ நாவலை முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் பதினோரு வயது. சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு அது. மலைமேல் ஒரு குடிசை, பரணில் வைக்கோல் படுக்கை, வட்டச் சன்னல் வழியாகத் தெரியும் நட்சத்திரங்கள், நெருப்பில் வாட்டிய பாலாடைக்கட்டி என்று எல்லாமே எனக்கு வேண்டியிருந்தது. நாற்பது வயதுக்குமேல் முழு மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தேன். அப்போது மலை பின்னால் போய்விட்டது. சிறுவயதில் நான் வெறுத்த ஒருத்தி முன்னால் வந்து நின்றாள். அவள் ஹைடியின் சித்தி டேட்டே.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹானா ஸ்பைரி இந்த நாவலை ஜெர்மன் மொழியில் 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தாயும் தந்தையும் இறந்துபோன ஐந்து வயது ஹைடியை, ஊரோடு ஒட்டாமல் மலைமேல் தனித்து வாழும் தாத்தாவிடம் டேட்டே கொண்டுவந்து விடுகிறாள். ஹைடிக்கு எட்டு வயதாகும்போது அவளே மறுபடி வந்து, ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துச் செல்வந்தர் செசெமன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே கிளாரா இருக்கிறாள். பன்னிரண்டு வயது, தாயில்லாத பெண், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வாழ்பவள். மலைச் சிறுமியும் மாளிகைச் சிறுமியும் தோழிகள் ஆகிறார்கள். பிறகு கிளாரா மலைக்கு வருகிறாள், நடக்கிறாள். நட்பும் கிராமமும் சேர்ந்து நோயைத் தீர்த்த கதை என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. ஒருத்தியின் தனிமையைப் போக்குவதற்காக இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தால், அவர்களுக்கு நடுவே வளர்வதை நட்பு என்று சொல்லலாமா?

ஹைடி அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகவில்லை. கிளாராவுக்குத் துணையாக ஒரு பெண் தேவை என்று வீட்டார் தேடினார்கள். டேட்டே கொண்டுபோய் நிறுத்தினாள். கிளாரா வயதிலேயே பிள்ளை வேண்டும் என்றோமே, இவள் இவ்வளவு சிறியவளாக இருக்கிறாளே என்று வீட்டுப் பொறுப்பாளர் ரோட்டன்மையர் குறைப்படுகிறார். சந்தையில் பொருளைப் பார்த்துச் சொல்வது போன்ற குறை அது. தமிழில் ‘துணை’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகவும் புழங்குகிறோம். வாழ்க்கைத்துணை என்கிறோம். ‘பாட்டிக்குத் துணைக்கு ஒரு பொண்ணு வெச்சிருக்கோம்’ என்றும் சொல்கிறோம். இரண்டாவது துணைக்கு வருபவளுக்கு யார் துணை என்று கேட்பதில்லை.

ஹைடியின் நோய் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். மலையில் பீட்டரின் பார்வையற்ற பாட்டிக்குக் கறுப்பு ரொட்டி மெல்லக் கடினம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டு மேசையில் வைக்கும் வெள்ளை ரொட்டிகளை அலமாரியில் சேர்த்து வைக்கிறாள். ரோட்டன்மையர் கண்டுபிடித்துத் தூக்கி எறியச் சொல்கிறார். ஊருக்குப் போகவேண்டும் என்ற ஆசையே நன்றிகெட்டதனம் என்று அவளுக்குப் புரியவைக்கிறார்கள். அதற்குப்பின் அவள் யாரிடமும் சொல்வதில்லை. அழுகையை விழுங்குகிறாள், மெலிகிறாள், இரவில் தூக்கத்திலேயே எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிடுகிறாள். வீட்டார் பேய் என்று பயப்படுகிறார்கள். மருத்துவர்தான் இது ஊர் ஏக்கம் என்கிறார். ஊர் ஏக்கத்தை நோயாகக் கருதும் வழக்கம் அங்கே பழையது. யோஹான்னஸ் ஹோஃபர் என்பவர் 1688இல் பாசல் நகரில் சமர்ப்பித்த ஆய்வேட்டில்தான் அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். பிழைப்புக்காக வெளியூர் போன ஸ்விஸ் மக்களைப் பிடிக்கும் நோயாகவே அது நெடுங்காலம் பேசப்பட்டது.

ஆக, ஒருத்தியைக் குணமாக்கக் கொண்டுவந்த பிள்ளை நோயாளி ஆகிவிட்டாள். அவளை உடனே அனுப்பிவிடுங்கள் என்கிறார் மருத்துவர். கிளாராவுக்கு அது பெரிய இழப்பு. முதலில் வருந்துகிறாள். ஆனால் ஹைடி புறப்படும் நேரத்தில், அந்தப் பாட்டிக்காகப் பன்னிரண்டு வெள்ளை ரொட்டிகளைக் கூடையில் வைத்துக் கொடுக்கிறாள். எறியப்பட்ட ரொட்டிகள் யாருக்கானவை என்பதை அவள் மறக்கவில்லை. என் வாசிப்பில் அவர்களுடைய நட்பு இந்தக் கூடையில்தான் தொடங்குகிறது. அதுவரை ஹைடிக்குப் போக முடியாது. போக முடியாதவளின் அன்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இனி, கிராமம் குணமாக்குகிறது என்பதைப் பார்ப்போம். டேட்டே அதே மலையடிவாரத்துப் பெண். பிழைப்புக்காக அவள் பக்கத்து ஊரான ராகாட்ஸில் ஒரு பெரிய விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்தாள். ராகாட்ஸ் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். நகரத்துப் பணக்காரர்கள் உடம்பு தேற அங்கே வந்து தங்குவார்கள். அவர்கள் குணமாக வந்த ஊர் அவளுக்கு வேலைக்களம். அங்கே வந்த விருந்தினர்கள்தான் அவளை ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு வேலைக்கு அழைக்கிறார்கள். பீட்டரின் பாட்டியும் அந்த மலையில்தான் வாழ்நாள் முழுவதும் இருந்தார். காற்றடித்தால் ஆடும் குடிசையில், குளிரில், நூல் நூற்றுக்கொண்டு. மலைக்காற்று அவருக்குக் கண் தரவில்லை.

கிளாராவுக்கு மட்டும் ஏன் பலித்தது? தாத்தாவைக் கவனியுங்கள். இளமையில் அயல்நாட்டில் படைவீரராக இருந்து, காயம்பட்ட தன் தலைவரைக் கடைசிவரை பராமரித்தவர் அவர். உடம்பைத் தூக்கும் விதம் தெரிந்தவர். நல்ல பால் கிடைக்க வேண்டும் என்று உயரத்துப் பூண்டுகளைப் பறித்துவந்து ஆட்டுக்குக் கொடுக்கிறார். தினமும் கிளாராவைக் கொஞ்சம் நின்றுபார்க்கச் சொல்கிறார். காற்றும் வெயிலும் செய்ததாகச் சொல்லப்படுவதில் பாதிக்குமேல் ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் கூலியில்லாமல் செய்த உழைப்பு.

கிளாரா எழுந்து நடந்தால்தான் கதை நிறைவுபெறும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. நடக்காத பெண்ணுக்கும் நிறைந்த வாழ்வு உண்டு. ஆனால் அதற்குச் சற்றுமுன் ஸ்பைரி எழுதியிருக்கும் ஒரு காட்சியை விடமுடியவில்லை. பீட்டர் பொறாமையில் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் உருட்டிவிட்டிருக்கிறான். தாத்தா கிளாராவை மேய்ச்சல் நிலத்துக்குத் தூக்கிவந்திருக்கிறார். ஹைடி பூக்களைப் பார்த்துவரப் போகிறாள். தனியே உட்கார்ந்திருக்கும் கிளாராவிடம் ஒரு குட்டி ஆடு ஒட்டிக்கொள்கிறது. அவள் அதற்கு இலைகளை ஊட்டுகிறாள். எப்போதும் உதவி பெறுபவளாகவே இருந்தவளுக்கு, தன்னிச்சையாக இருக்கவேண்டும், பிறருக்கு உதவவேண்டும் என்ற ஆசை அப்போது வருகிறது. அவளுக்கு வந்த குணம் இதுதான் என்று நினைக்கிறேன். வாங்குகிறவளுக்குக் கொடுக்கவும், கொடுக்கிறவளுக்கு மறுக்கவும் இடமிருந்தால் அது நட்பு. அந்த இடம் இல்லாதவரை அதன் பெயர் வேலை.

டேட்டேயிடம் வருகிறேன். தன் தாய் இறந்தபின் அந்தக் குழந்தையை அவள்தான் வைத்திருந்தாள். இருபத்தாறு வயதில், நல்ல வேலை கிடைத்ததும், இனி தாத்தாவின் முறை என்று விட்டுப்போனாள். அதற்காக நூற்று நாற்பது ஆண்டுகளாக வாசகர்களிடம் திட்டு வாங்குகிறாள். வியாபாரத்துக்காக மாதக்கணக்கில் வெளியூரில் இருந்து, மகளைப் பணியாட்களிடம் விட்டுவைத்த செசெமன் நல்ல தந்தை என்று பெயர் எடுக்கிறார். ஹைடியை அவள் இடம்பெயர்த்தது தவறு, பிள்ளையின் சம்மதம் கேட்காததும் தவறு. ஆனால் அவள் காட்டிய பாதை அவளுக்குத் தெரிந்த ஒரே பாதை. அந்த மலையில் பிறந்த ஏழைப் பெண்ணுக்கு அயலார் வீட்டு வேலைதான் எதிர்காலம்.

இது தாத்தாவுக்கும் தெரியும். கடைசியில், மகள் நடந்ததற்கு என்ன கைம்மாறு செய்யட்டும் என்று செசெமன் கேட்கிறார். தாத்தா தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. தான் போனபிறகு ஹைடி அயலாரிடம் போய்ப் பிழைக்கும் நிலை வரக்கூடாது, அந்த உறுதி போதும் என்கிறார். டேட்டே வாழ்ந்த வாழ்க்கை இவளுக்கு வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். வாசகர்கள் டேட்டேயைத் திட்டினார்கள், தாத்தா அவள் நிலைமையைப் பார்த்தார்.

எங்கள் பாட்டி வீட்டிலும் துணைக்கு ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். நானும் அவளும் பல்லாங்குழி ஆடியிருக்கிறோம். அவளை என் சிநேகிதி என்றே இவ்வளவு காலமும் சொல்லிவந்திருக்கிறேன். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று அவள் அழுதாள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் போகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம், ஆட ஆள் கிடைத்ததே என்று. அவள் ஊர் எது என்று நான் கேட்டதில்லை. இன்று கேட்டுச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.