ஆளை ஏற்றுமுன் எஞ்சினைப் பாருங்கள்

தீவகத்தில் வான் ஓட்டும் தம்பிமாரே, வான் வைத்திருக்கும் ஐயாமாரே, நாளைக்கென்று தள்ளிவைக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் உங்கள் பழைய டீசல் எஞ்சின்களை நம்பித்தான் பயணம் போகின்றன. அந்த நம்பிக்கைக்கு நீங்கள் கூலி வாங்குகிறீர்கள். வாங்கிய பிறகும் எஞ்சினைக் கவனியாமல் விடுவது வெறும் சோம்பல் அல்ல, பிறர் உயிருக்குச் செய்யும் துரோகம்.

நெடுந்தீவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் முதலில் படகு. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். குறிகட்டுவானில் இறங்கினால், அம்புலன்ஸ் வராத வேளையில் உங்கள் வான்தான் கதி. புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, பண்ணை எல்லாம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தாம்போதியில், நள்ளிரவில் எஞ்சின் கொதித்து நின்றால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

பழைய வான் வைத்திருப்பதில் குற்றமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. புதியது வாங்க எத்தனை பேரால் முடியும்? 2சி டேர்போ எஞ்சின் பூட்டிய ரவுண்ஏஸ் போன்றவை பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். ஆனால் அவை கொதிப்பைப் பொறுக்காதவை. இரும்புப் புளொக்கின் மேல் அலுமினிய ஹெட் இருக்கிறது. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவு மீறிக் கொதித்தால் ஹெட் வளையும், கஸ்கெற் போகும், வெடிப்பும் விழும்.

தீவகத்தில் இந்தக் கொதிப்புக்குப் பெரிய காரணம் நாம் ரேடியேற்றருக்குள் ஊற்றும் தண்ணீர். எங்கள் கிணறுகளில் பல உவர். வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரை எஞ்சினுக்கு வார்க்கிறோம். உப்பு அலுமினியத்தை அரிக்கிறது, சுண்ணாம்பு குழாய்களை அடைக்கிறது. வெளியே சோளகக் காற்றின் உப்பு ரேடியேற்றரின் தகடுகளைத் தின்கிறது. பிடித்துவைத்த மழைநீரோ கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரோ எடுத்து, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். கடலோரம் ஓடி வந்தால் முன்பக்கத்தை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். கொதிக்கிறது என்று தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியாதீர்கள்; அடைப்பு எங்கே என்று பாருங்கள். சூட்டு முள் ஏறினால் "கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.

டேர்போவுக்கு உயிர் ஒயில். அதன் சில்லு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் தண்டு மிதப்பது மெல்லிய ஒயில் படலத்தில். படகைப் பிடிக்க விரட்டி வந்து, குறிகட்டுவானில் நின்றதும் சாவியைத் திருப்பினால் ஒயில் ஓட்டம் நிற்கும், சூடு மட்டும் உள்ளே தங்கிவிடும். உள்ளே தேங்கிய ஒயில் கருகிக் கரியாகி வழியை அடைக்கும். ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். டேர்போவின் சீல் போய் ஒயில் காற்றோடு உள்ளே இழுபட்டால், எஞ்சின் அதையே எரித்துத் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசல் எஞ்சினில் ஒயில் சீக்கிரம் கறுக்கும், ஆகவே நிறத்தைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்ரரோடு சேர்த்து மாற்றுங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அன்றைக்கு ஓட்டமே வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலப்பதை இன்றோடு விடுங்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் மூத்தவர்கள் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டி ஊரைக் காத்தார்கள். அது வேறு வழியற்ற காலத்தின் கெட்டித்தனம். இன்று இலாபத்துக்காகக் கலப்பவர் அவர்களைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. உங்கள் டீசல் பம்புக்கு வழுவழுப்புத் தருவது டீசலே. மண்ணெண்ணெயில் அது போதாது. பம்பு தேயும், மிச்சம் பிடித்த காசு பல மடங்காகத் திரும்பிப் போகும். பீப்பாயில் கிடந்த டீசலில் ஈரம் இறங்கியிருக்கும். பில்ரரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடப் பழகுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வான் எடுத்துக் கொடுத்த உறவுகளே, உங்களுக்கும் பங்கு உண்டு. மாத வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒயில் எப்போது மாற்றினாய், டைமிங் பெல்ற் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றும் கேளுங்கள். பெல்ற்றுக்கு 1,00,000 கிலோமீற்றர்தான் எல்லை. அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சின் உடையும். பழைய வான் வாங்கியவர் மீற்றரை நம்பாமல் முதல் வேலையாக அதை மாற்றட்டும்.

விற்பவரும் கராஜ்காரரும் உண்மை பேசுங்கள். வெடித்த ஹெட்டுக்குப் பசை ஊற்றி மறைத்து அயலவன் தலையில் கட்டுவது களவு. கழித்த ஒயிலை நிலத்தில் ஊற்றுவதும் பாவமே. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பு வந்ததை மறந்துவிட்டோமா? எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். நல்ல தண்ணீரே அரிதான தீவில் அதைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை. பேணியில் சேர்த்து, எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் கோயிலில் கொடி ஏறினால் உங்களுக்கு ஓய்வு இராது. அதற்கு முன்பே கூலியில் ஒரு பங்கை எஞ்சினுக்கென்று ஒதுக்கத் தொடங்குங்கள். நாளை விடிய, சாவி போடுமுன் ஒயிலையும் ரேடியேற்றர் தண்ணீரையும் பாருங்கள். வானுக்கு அடியில் குனிந்து கசிவு உண்டா என்று பாருங்கள். குறை தெரிந்தால், எவ்வளவு கூலி பேசினாலும், "இன்றைக்கு வான் சரியில்லை, வேறு வான் பிடித்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்த சாரதியின் வானில்தான் ஊர் தன் பிள்ளைகளை நம்பி ஏற்றும்.