முகிலின் மேல் எல்லை

நாளைய வானத்தைப் பற்றி மனிதன் முன்கூட்டிச் சொல்லலாமா? பேர்ண் நகரத்துச் சைவர்கள் நாங்கள் கூடும் இடங்களில் ஐப்பசி முடியும்போது இந்தப் பேச்சு வந்துவிடும். அந்த நேரத்தில்தான் பனிப்புகார் ஊரை மூடத் தொடங்கும். சிவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அவன் மறைத்ததை எட்டிப் பார்ப்பது அடக்கமின்மை என்பார் ஒருவர். வருவது வரும், வானிலை அறிக்கை எதற்கு என்பார் இன்னொருவர். இருவருமே என்னைவிடக் கூடுதலாகத் திருமுறை ஓதுபவர்கள். ஆனாலும் இந்த இரண்டு பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை.

யூரா மலைக்கும் அல்ப்ஸ் மலைக்கும் இடையில் சுவிஸின் நடுநிலம் ஒரு பெரிய தாம்பாளம்போலக் கிடக்கிறது. நவம்பரில் இரவு நீளம். காற்று அசையாமல் வானம் தெளிந்திருந்தால் நிலம் சூட்டை வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே சூடான காற்று வந்து தங்கிவிடும். ஏறஏறக் குளிர வேண்டிய வானம் அங்கே தலைகீழாகிவிடுகிறது. தேங்கிய காற்றின் ஈரம் நிலத்தை ஒட்டிப் புகாராகவோ, கொஞ்சம் உயரத்தில் தாழ்ந்த முகிலாகவோ நிற்கும். கோடை வெயில் அதை முற்பகலிலேயே கலைத்துவிடும். நவம்பர் வெயிலுக்கு அந்தப் பலம் போதாது. பேர்ணில் 3 பாகைக் குளிரில் நாங்கள் நடுங்கும்போது, 1,200 மீட்டர் உயரத்தில் 10 பாகையும் நல்ல வெயிலுமாக இருப்பது இங்கே அதிசயம் இல்லை.

வடகிழக்கிலிருந்து வரும் காற்றை இங்கே பீஸே என்பார்கள். வடமராட்சிக் கரையில் வளர்ந்த எனக்கு அது வாடைதான், மழை மட்டும் இல்லை. காற்று அடங்கியிருந்தால் முகிலின் மேல் எல்லை 800 மீட்டர் அளவில் நிற்கும். பீஸே பலமாக வீசினால் 1,500 மீட்டர் வரைக்கும் ஏறிவிடும். அறிக்கையில் நான் தேடுவது அந்த ஓர் எண்ணைத்தான்.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளனாக இருக்கிறேன். பேர்ண் நகரம் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய குர்ட்டன் மலையின் உச்சி 860 மீட்டர் அளவு. 1899 முதல் அங்கே மலை ரயில் ஓடுகிறது, சக்கர நாற்காலியோடும் போகலாம். மேல் எல்லை 750 என்றால், ஐகர், மோங்க், யுங்பிராவ் மூன்று சிகரங்களையும் வெயிலில் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம். 950 என்றால் அங்கேயும் சாம்பல் நிறம்தான், குளிர்தான்.

எங்கள் இல்லத்தில் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். நவம்பர் வந்தால் எழும்ப மனமில்லாமல் சன்னலைப் பார்த்தபடி கிடப்பார். “வெயில் வருமோ தம்பி?” என்று கேட்பார். “எல்லாம் அவன் செயல் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம், பக்தியான பதில் போலவும் இருக்கும். ஆனால் அறிக்கை என் கைபேசியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது பக்தி இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் சிவன்மேல் சுமத்துவது அது.

1859 ஒக்டோபரில் றோயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து, நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு றொபேட் ஃபிட்ஸ்றோய், 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் அவர். விவிலியத்தை ஆழமாக நம்பியவர். புயலைத் தருபவன் கடவுள் என்ற நம்பிக்கை, மீனவனுக்கு முன்பே சொல்லிவைப்பதிலிருந்து அவரைத் தடுக்கவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பும்வரை கரையில் காத்திருக்கும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அந்த எச்சரிக்கையைத் தெய்வக் குற்றம் என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

மறைத்தல் என்று நம் ஆசிரியர்கள் சொன்னது வேறு. கூத்தனின் ஊன்றிய திருவடியில் மறைப்பையும் தூக்கிய திருவடியில் அருளையும் வைத்தது உண்மை விளக்கம் என்ற நூல். உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொள்வதும் அருள்தான் என்பது சித்தாந்தம். அவன் மறைப்பது தன்னை. வியாழக்கிழமை வெயிலை அல்ல. உமாபதி சிவம் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் பிரித்துக் காட்டுகிறார்: இருள் பொருளை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும், ஆணவம் அதையும் காட்டாது. புகாரும் இருள் மாதிரித்தான், தன்னைக் காட்டிக்கொள்ளும். அதனால்தான் அதை அளக்க முடிகிறது. அளப்பதில் பாவம் ஏதுமில்லை. அளந்துவிட்டதால் எல்லாம் என் கைக்குள் வந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆணவம் வருகிறது.

அப்படி நினைக்கத் தாழ்முகில் இடமும் கொடுக்காது. சுவிஸ் வானிலை அலுவலகமான மீட்டியோஸ்விஸ் 1 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து வானத்தைக் கணிக்கிறது. ஆனாலும் சில நூறு மீட்டர் தடிப்பே உள்ள அந்தப் படலம், காற்று கொஞ்சம் திரும்பினாலே 100 மீட்டர் ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். எத்தனை மணிக்குக் கலையும் என்பது இன்னும் கடினம். ஆகவே அந்த அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. ஒருநாள், “மேல் எல்லை 800 என்று சொல்லுறாங்கள் அம்மா. குர்ட்டன் அதுக்குக் கொஞ்சம்தான் மேலே. வெயில் கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். போவமோ?” என்று கேட்டேன். “போய்த்தான் பாப்பமே” என்றார்.

அன்று வெயில் கிடைக்கவில்லை. மலைமேலும் புகார்தான். அவர் குறைப்படவில்லை. நிச்சயம் வெயில் வரும் என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தால், அது ஏமாற்றாகியிருக்கும். இப்போது அவர் வெயில் வருமோ என்று கேட்பதில்லை. “இண்டைக்கு எத்தனை மீட்டர் தம்பி?” என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்வியிலும் பக்தி இருக்கிறது என்பது என் துணிபு. தெரியக்கூடியதைத் தெரிந்துகொண்டு, மீதியை அவனிடம் விடுகிறார்.

பேர்ணிலோ ஓல்ட்டனிலோ சூரிச்சிலோ வீட்டில் முதியவர் ஒருவரோடு இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நவம்பரில் படுக்கப் போகுமுன் முகிலின் மேல் எல்லையைப் பாருங்கள். அது பக்கத்து மலையைவிடத் தாழ்வாக இருந்தால், எவ்வளவு நிச்சயம் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, காலையில் மேலே கூட்டிப் போங்கள்.