வாடியதை முதலில் பார்ப்பது யார்?

படரக் கொம்பில்லாமல் காற்றில் ஆடிய முல்லைக்கொடியைப் பார்த்து, தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனான் பறம்புமலைப் பாரி. பள்ளியில் அதைக் கொடை என்று படித்தோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று மனப்பாடம் செய்தோம். பயிர் காய்வதைக் கண்டு மனம் உருகிய வள்ளலாரைப் பற்றிப் படித்தபோது, அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயர் சொன்னார்கள். செடியின் தேவையைக் கவனித்த ஆண்களைத் தமிழ் மறக்கவே இல்லை. கொல்லையில் அவரைக்குப் பந்தல் போட்டவர்களும், அரிசி களைந்த தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றியவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு நம்மிடம் இருக்கும் சொல் “பொறுப்பான பொண்ணு” என்பதுதான். ஒரே கவனம் ஆணிடம் இருந்தால் அருள், பெண்ணிடம் இருந்தால் கடமை. இது எப்படி நடக்கிறது?

எங்கள் வீட்டுப் பால்கனியில் இது நடக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சென்னையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி குடியிருப்போர் சங்கத்திடம். எங்களுக்கென்று இருக்கும் வெளி, பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட பால்கனி மட்டுமே. அதில் வாஷிங் மெஷினும் துணி காயும் கொடியும் போக மிஞ்சிய இடத்தில் ஆறு வளர்ப்புப் பைகளை வைத்தோம். காலை வெயில் மதியம்வரை விழும். மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து பைகளை நிரப்பினோம். மூட்டைகளை மாடியேற்றியவர் என் கணவர். மகனுக்கு 11 வயது. வெண்டை இரண்டு பை, தக்காளி ஒரு பை அவனுக்கு. மகளுக்கு 8 வயது. தண்டுக்கீரை இரண்டு பை, கம்பியில் ஏற்றிவிட அவரை ஒரு பை அவளுக்கு.

முளை வரும்வரை யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் வெண்டை மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டியபோது, பல் துலக்காமலே இரண்டு பேரும் பால்கனியில் நின்றார்கள். விதைக்கும் நாளும் பறிக்கும் நாளும் எல்லோருக்கும் பிடிக்கும். வளர்ப்பு நடப்பதோ இடையில் வரும் நாற்பது நாட்களில். அப்போது புகைப்படம் எடுக்க ஒன்றும் இருக்காது. மண் காய்கிறதா, இலையின் அடியில் பூச்சி முட்டையிட்டிருக்கிறதா, கொடி பிடிக்க இடமில்லாமல் தொங்குகிறதா என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்.

நிலத்தில் நிற்கும் செடியின் வேர், ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும். பையில் இருக்கும் செடிக்கு அந்த வழி இல்லை. கத்திரி வெயிலில் ஒரு நாள் தவறினாலே பை சுடுமணலாகிவிடும். மழை பெய்தாலும் மேல்மாடிப் பால்கனியின் தளம் அதை மறைத்துக்கொள்ளும். அந்தச் செடி முழுக்க முழுக்க நம்மைச் சார்ந்திருக்கிறது. அப்படிச் சார்ந்திருக்கும் நிலையில் அதை வைத்தவர்களும் நாம்தான். ஆகவே அதற்குத் தண்ணீர் தருவது அருளில் சேராது. பையை நிரப்பிய எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட கடன் அது.

மூன்றாம் வாரம் மகனின் பைகள் காயத் தொடங்கின. “நீ ஊத்தாதே, சாகட்டும். அப்பத்தான் அவனுக்குப் புத்தி வரும்” என்றாள் ஒரு தோழி. நம்மில் பலர் பெற்றிருக்கும் அறிவுரைதான் இது. எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, கையை எடு, தானாகச் செய்வார்கள் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கையை எடுத்தால் முதலில் அடிபடுவது சோம்பேறியா, சார்ந்திருக்கும் உயிரா? அம்மா வேலைநிறுத்தம் செய்தால் பசிப்பது குழந்தைக்கு. செவிலியர் வெளியேறினால் வலிப்பது நோயாளிக்கு. பராமரிப்பவரைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு இதுதான். “அவளால் பொறுக்க முடியாது” என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்தினார்கள். பல அப்பாக்கள் குழந்தைகளை வேலையிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டு நிறுத்தினார்கள். கவனிப்பு நின்றுபோகவில்லை, கை மாறியது. நானும் அந்த வழியையே எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடமும் கணவரிடமும் சொன்னேன்: “நாளையிலிருந்து ஒரு மாசம் செடிகளை நான் பார்க்க மாட்டேன். சந்தேகம் இருந்தா கேளுங்க, சொல்றேன். ஞாபகப்படுத்த மட்டும் மாட்டேன்.”

அடுத்து நடந்தது நான் எதிர்பாராதது. மகனின் வெண்டை வாடவே இல்லை. மகள் தன் கீரைக்கு ஊற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரை அண்ணன் பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. கேட்டபோது, “பாவம்மா, தொங்கிப்போச்சு” என்றாள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அவள் தலையைத் தடவி, “பொறுப்பான பொண்ணு” என்றார். வெண்டைப் பூவைப் பார்த்துவிட்டு மகனிடம், “விவசாயி ஆயிட்டியே!” என்றார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்தக் கணக்கு 6 வயதிலிருந்தே தொடங்குகிறது. என் மகளும் அதில் வந்துவிடுகிறாள். அவள் தண்ணீர் ஊற்றும் ஐந்து நிமிடத்தைக் கணக்கெடுப்பவர் குறித்துக்கொள்ளலாம். “தொங்கிப்போச்சு” என்று அவள் கண் கண்டுபிடித்த அந்த நொடியை எந்தக் கட்டத்தில் குறிப்பது? அறவியல் அறிஞர் ஜோன் ட்ரான்டோ 1993 இல் வெளிவந்த தன் நூலில் பராமரிப்பைப் படிப்படியாகப் பிரிக்கிறார். இன்னொருவருக்கு ஒரு தேவை இருக்கிறது என்று கவனிப்பது அதில் முதல் படி. ஊற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மகளை என்ன செய்வது? “அண்ணன் செடி உனக்கெதற்கு, விடு” என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், கண்ணெதிரே வாடும் உயிரைக் கடந்துபோகப் பழகு என்று ஒரு 8 வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் விட்டால், பாட்டியிடமிருந்து எனக்கு வந்த சுமை அவள் தோளுக்குப் போகிறது. இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. யோசித்தபோது, இரண்டு வழியிலும் மாற வேண்டியவளாக நிற்பது அவள்தான் என்று புரிந்தது. அதிகம் கவனிப்பதால் திருந்து, அல்லது கவனித்துக்கொண்டே இரு. பெண்களுக்குச் சொல்லப்படும் “கொஞ்சம் கண்டுக்காம விடு” என்பதிலும் இதே கோணல் இருக்கிறது. கவனிக்காதவர் அப்படியே இருக்க, கவனிப்பவருக்கே மறுபடியும் ஒரு வேலை.

அவளை நான் தடுக்கவில்லை. மகனை அழைத்து, உன் செடி யாரால் உயிரோடு இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். முகம் வாடியது. “சொல்லியிருந்தா ஊத்தியிருப்பேனேம்மா” என்றான். இந்த வாக்கியத்தை எத்தனை ஆண்கள் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார்கள்! கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் கவனிப்பதை ஒருத்திக்கு ஒதுக்கிவிட்டு, கைவேலையை மட்டும் பங்குபோடச் சம்மதிக்கும் வாக்கியம் இது. “சொல்றதும் ஒரு வேலைடா. அந்த வேலையத்தான் நீ எடுத்துக்கணும்” என்றேன்.

கவனிப்பு பிறவிக் குணம் என்றால் மகனைத் திட்டிப் பயனில்லை. அதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன், நீச்சலைப்போல, சமையலைப்போல. ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பார். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்றாதே. பையை லேசாகச் சாய்த்துப் பார். எடை குறைந்தால் தாகம். வெண்டைக்காய் இலை மறைவில் வளரும். ஒருநாள் விட்டு ஒருநாள் தேடாவிட்டால் முற்றி நாராகிவிடும். இதையெல்லாம் ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவனுடைய அப்பாவும் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார்.

தக்காளி பிழைக்கவில்லை. அவனுடைய தேர்வு வாரத்தில் போய்விட்டது. மகளும் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள். வெண்டையிலும் பல காய்கள் முற்றி, விதைக்கு மட்டுமே ஆயின. ஆனால் ஒரு மாலை அவன் அடுக்களைக்கு வந்து, “அம்மா, அவரைக்கொடியில எறும்பு வரிசையா ஏறுதே, எதுக்கு?” என்று கேட்டான். எறும்பு ஏறினால் மேலே அசுவினி இருக்கலாம், அது சுரக்கும் இனிப்புக்காகப் போகும். போய்ப் பார்த்தோம். தளிரின் அடியில் கறுப்பாக அப்பியிருந்தது. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அவனே அடித்தான்.

அது அவன் தங்கையின் பை. அவனாகப் பார்த்தது. அவனை வள்ளல் என்று நான் புகழவில்லை, தங்கையிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். அன்று அந்தக் கொடியைக் கவனிக்க வேண்டிய முறை அவளுடையதாக இருக்கவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.