நான்காம் வேற்றுமைச் சிரிப்பு

ஒன்று வேடிக்கையாக இருப்பதைச் சொல்ல அன்றாட ஸ்பானிஷில் பல வழிகள் உண்டு. 'திவெர்தீதோ' என்றால் பொழுது இனிமையாகக் கழிந்தது. அதன் லத்தீன் வேருக்கு வேறு பக்கம் திருப்புதல் என்று பொருள். மெக்ஸிகோக்காரர் 'சிஸ்தோஸோ' என்பார். என் அக்கறை 'கிராஸியா' என்ற சொல்லைப் பற்றியது. அருள், நயம், மன்னிப்பு, வேடிக்கை எல்லாம் அதில் அடக்கம். நன்றி சொல்லும் 'கிராஸியாஸ்' அதன் பன்மைதான். 1978ஆம் வருஷத்திய ஸ்பெயின் அரசியல் சட்டத்தில் மன்னரின் மன்னிக்கும் அதிகாரத்துக்கும் இதே சொல்தான்.

'எஸ் கிராஸியோஸோ' என்கிறபோது வேடிக்கை பொருளின் குணமாகிவிடுகிறது. சிரிப்பவன் வாக்கியத்தில் இல்லை. 'மே ஆஸே கிராஸியா' என்கிறபோது அவன் 'எனக்கு' என்று வந்து நிற்கிறான். நமது 'எனக்குச் சிரிப்பு வருகிறது' போல, நான்காம் வேற்றுமை. இது வெறும் இலக்கண விஷயமல்ல. முதல் வாக்கியத்தை எதிர்த்து வாதாடலாம். 'எனக்கு இதில் கிராஸியா இல்லை' என்பவனோடு வாதாட இடமில்லை. பேச்சில் அது அதிருப்தி, பல சமயம் எச்சரிக்கை.

'டான் குவிக்ஸாட்' இரண்டாம் பாகத்தில் (1615) ஒரு பிரபுவும் அவர் மனைவியும் தங்கள் பொழுதுபோக்குக்காக நாடகம் ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். டல்ஸினியாவின் மாயக்கட்டு நீங்க ஸாங்கோ தன் பிருஷ்டத்தில் 3300 கசையடி போட்டுக்கொள்ள வேண்டும். அவன் மறுக்கிறான். மறுத்தால் கவர்னர் பதவி கிடையாது என்கிறார் பிரபு. அவன் சம்மதிக்கிறான். அந்தக் காலத்து ஸ்பானிய நாடகத்தில் கோமாளி வேலைக்காரனுக்கு 'கிராஸியோஸோ' என்றே பெயர் என்பதையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிரிப்பு வேலைக்காரனின் குணம் என்று முடிவாகிவிட்டால், 'உனக்கு எப்படியிருக்கிறது?' என்று அவனைக் கேட்க வேண்டியதில்லை. செர்வாண்டிஸ் கேட்கிறார். கேலி செய்தவர்களும் கேலிக்குள்ளானவர்களைப்போலவே பித்தர்கள் என்று பின்னால் சொல்லவும் வைக்கிறார்.

சொல்லின் பூர்வீகம் ஒரு ஜனத்தை ஒழுக்கமுள்ளதாக்கிவிடாது. ஸ்பானியன் அருளை நினைத்துக்கொண்டா சிரிக்கிறான்? எரிச்சலிலும் 'கே கிராஸியா!' என்பான். ஆனால் 'எனக்கு' என்று சொல்லக் கற்ற மொழியில் 'உனக்கு?' என்ற கேள்விக்கும் இடம் இருக்கிறது. அருளோ மன்னிப்போ பெறுபவனிடம் போய்ச் சேர வேண்டியது. ஒருவனை வைத்துச் சிரித்துவிட்டு, அவனுக்கும் அது வேடிக்கைதான் என்று அவன் சார்பில் நாமே தீர்மானிப்பது சிரிப்பல்ல, அதிகாரம். 'விளையாட்டுக்குத்தான்' என்ற சமாதானத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவன் ஸாங்கோதான்.